ஏழாவது கடிதம்

"செத்தவன்ரை பேரிலை கடிதம் எழுதிறது பாவமப்பா. கிழவனை இப்பிடி ஏமாத்தாதை" என்றான் புருசன் கிருபன்.

"ஐயாவின்ரை இருதயம் தாங்காது எண்டு டொக்டர் சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே" என்றாள் றோசலின்.

தம்பி வின்சன்ற் வன்னியில் செல் விழுந்து செத்துப்போன செய்தி, தொண்ணூற்றாறு கார்த்திகையில் ரெலிபோனில், வெளிநாட்டில் இருந்த அவளுக்குத்தான் வந்தது. தன்னோடு இருக்கிற தகப்பன் இராசரத்தினத்துக்கு அவள் சொல்லவில்லை.

தகப்பனும் மகனும் வருசக்கணக்காய்க் கடிதத்தில் செஸ் விளையாடுகிறவர்கள். கடிதத்துக்கு ஒரு நகர்த்தல். அப்போதுதான் புது ஆட்டம் தொடங்கி, ராணிக்கு முன்னால் நின்ற காலாளை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு, மகனின் பதிலுக்குக் காத்திருந்தார் கிழவர்.

தபாலில் போடச்சொல்லி அவர் தந்ததைப் பிரித்து, பதிலை றோசலின் எழுதினாள். செஸ் தெரியாது. லைப்ரரியில் புத்தகம் புரட்டினாள். ‘கிங்ஸ் இண்டியன்’ என்று கண்டதும், எங்கடை பக்கத்து ஆட்டம்தானே என்று அதையே பிடித்துக்கொண்டாள். நடுப்பலகையைத் தகப்பனின் வெள்ளைக்கு விட்டுக்கொடுத்து, பிஷப்பை ஓரத்தில் பதுக்கிவைத்து, பிறகு அடிக்கிற ஆட்டம்.

மாசம் ஒரு கடிதம், நீலக் கடதாசியில், தம்பியின் சரிந்த எழுத்தில். ஆறு எழுதிவிட்டாள்.

அன்று பின்னேரம் வேலையால் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். செஸ் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கடிதம். அதே சரிந்த எழுத்து.

அவள் எழுதினதில்லை.

"ஆர் ஐயா கொண்டுவந்தது?"

"கதவுக்குக் கீழாலை கிடந்தது, பிள்ளை."

அது பதினாலாம் மாடி. தபால்காரன் கீழே இருக்கிற பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவான்.

"கண்ணாடியைக் காணேல்லை. நீ வாசி."

பிரித்தாள்.

‘ஐயா, நான் தோத்துட்டன். ஆட்டத்தை நிப்பாட்டுவம். அக்கா நல்லாக் களைச்சுப்போனா.’

ஆருமில்லாத குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். கண்ணாடி அவருடைய சட்டைப் பைக்குள்தான் இருந்தது.

இராசரத்தினம் கறுப்பு ராசாவை மெல்லப் படுக்கவைத்தார்.

"மேசை லாச்சிக்குள்ளை நீ ஒளிச்சு வைச்ச நீலக் கடதாசியிலை ஒண்டு எடுத்து நான்தான் எழுதினனான். அவனுக்கு எழுதப் பழக்கினதே நான்தானே" என்றார். "நான் ராணிக் காலாளைத் தள்ளினால் வின்சன்ற் தன்ரை காலாளை நேருக்கு நேரை கொண்டுவந்து நிப்பாட்டுவான். ஒருநாளும் நடுவை விட்டுக்குடாதவன். உன்ரை முதல் கடிதத்திலையே அவன் இல்லை எண்டு எனக்கு விளங்கிப்போச்சு."

"அப்ப ஏன் ஐயா ஆறு மாசமாய் விளையாடினீங்கள்?"

"செஸ் புத்தகம் பாக்கப்போறன் எண்டு லைப்ரரிக்குப் போவாய். கண் சிவந்துதான் திரும்பி வருவாய். அழுறதுக்கு உனக்கு வேறை இடமில்லை எண்டு விட்டுட்டன்."

பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார்.

"இனி வீட்டிலை இருந்து அழு, பிள்ளை."