ஐந்தாவது படுக்கை

“புது வீட்டுல எத்தனை படுக்கை வேணும்?”

“அஞ்சு,” என்றார் குலாப்தீன்.

“நாலு,” என்று திருத்தி, நாலு என்றே எழுதினாள் அவள்.

இஸ்லாமாபாத்தில் அந்த விடுதி முற்றத்தில், மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் மேசை. காபூலை விட்டு வந்து அமெரிக்காவுக்காகக் காத்துக் கிடக்கும் பதினெட்டுக் குடும்பங்களுக்கும் குடியமர்த்தும் படிவத்தை நிரப்பித் தருவது அவள்தான். வயது என்னவோ சின்னதுதான். ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. காகிதத்தில் இருப்பதுதான் கணக்கு. அதனால் விடுதியே அவளை ஆபீசரம்மா என்றுதான் கூப்பிட்டது.

குலாப்தீன் பதினொரு வருடம் அமெரிக்கப் படைக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர். அதற்குத்தான் இந்தச் சிறப்பு விசா. கண்ணிவெடி புதைத்த ரோட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். எழுத்து மட்டும் சுத்தமாகத் தெரியாது.

மனைவி பெயர் என்ற இடம் வந்ததும், பின்னால் வரிசையில் நின்ற ஆண்களைத் திரும்பிப் பார்த்துத் தயங்கினார். நாலு பேர் முன்னால் பெண்டாட்டி பெயரை எப்படிச் சொல்வது? அவள் கேட்காமலே எழுதிக்கொண்டாள்.

“எஹ்சானுக்கு ஷூ என்ன அளவு?”

“என் ஷூவத்தான் போட்டுக்கிட்டுத் திரியறான். நாப்பத்திரண்டு.”

“சின்னவன் வாஹித்துக்கு?”

“அவன் எதப் போட்டாலும் ஒரு மாசம்தான். பெருசாவே எழுது. பல்வஷாவுக்கு முப்பத்தெட்டு.”

பேனா நின்றது. “அந்தப் பேரு இதுல கிடையாது.”

“கிடையாதுன்னுதான் எழுதச் சொல்றேன். என் மூத்த பொண்ண விட்டுட்டு நான் மட்டும் விமானம் ஏறிடுவேனா?”

“கல்யாணமாகாத பிள்ளைங்க, இருபத்தொரு வயசுக்குக் கீழ. அதான் சட்டம். அடையாள அட்டைல அவளுக்கு ஜனவரியோட இருபத்தொண்ணு ஆயிடுச்சு.”

“அது அட்டைல. நெசத்துல பத்தொம்போதுதான்.”

“அட்டையத்தான் பாப்பாங்க.”

குலாப்தீன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அஞ்சு வயசுல, பள்ளிக்கூடம் போகணும்னு தெனம் ஒரே அழுகை. ஏழு ஆனாதான் சேர்ப்போம்னாங்க. அட்டை போடற எழுத்தர்கிட்ட கூட்டிட்டுப் போயி, ஏழுன்னு சொன்னேன். அவன் என்ன பொறந்த தேதியா கேட்டான்? ஆளைப் பார்த்தான், உயரமா இருந்தா, எழுதிட்டான். அப்படி ரெண்டு வருஷம் முந்திச் சேர்ந்ததால, பொண்ணுங்க பள்ளிக்கூடத்தப் பூட்டறதுக்குள்ள பன்னண்டாவது முடிச்சிட்டா. இதெல்லாம் அங்க உக்காந்திருக்கிற துரைமாருக்கு எழுதக்கூடாதா?”

“எழுதினா, முன்னாடி குடுத்த காகிதமும் பொய்யான்னு மொத்த ஃபைலையும் திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க பாகிஸ்தான் விசா இந்த மாசத்தோட முடியுது. அப்புறம் போலீஸ் லாரில ஏத்தி எல்லை தாண்டி விட்டுடுவான். அங்க உங்களத் தேடிட்டு இருக்காங்க. மறந்து போச்சா?”

“அவள யார்கிட்ட விட்டுட்டுப் போறது?”

“சொந்தம்னு யாரும் இல்லையா?”

“பெஷாவர்ல அத்தை இருக்கா.”

“அப்ப அத்தைகிட்ட இருக்கட்டும்.”

“எவ்வளவு லேசா சொல்லிட்ட.” குலாப்தீன் தொப்பியை மறுபடி கையில் எடுத்தார். “உன்னப் பெத்தவன் என்ன, கல்லையா ஊட்டி வளர்த்தான்?”

“நல்லாத்தான் வளர்த்தார்,” என்றாள், தலை நிமிராமல்.

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“எந்த மாதிரி ஊரு வேணும்னு ஒரு கேள்வி இருக்கு.”

“எனக்கு எந்த ஊரா இருந்தா என்ன? அவளுக்குத்தான் பனின்னா உசிரு. காபூல்ல மொதப் பனி விழுந்தா போதும், மொட்டை மாடிய விட்டு எறங்கவே மாட்டா.”

அவள் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தாள். “பனி விழற ஊருன்னே போட்டுடறேன்,” என்று எழுதினாள்.

“ஒரு படுக்கை மட்டும் கூடப் போடும்மா. ஆளு வர்ற வரைக்கும் காலியாவே கிடக்கட்டும். தெனம் நான் விரிச்சு வைக்கறேன்.”

“காலிப் படுக்கைக்கெல்லாம் எடம் தர மாட்டாங்க.”

வெளியே வேன் ஹாரன் அடித்தது. படிவங்களை வாங்கிப் போக வந்துவிட்டார்கள். சமையலறைக் கதவோரம் இரண்டு பையன்களையும் அணைத்தபடி நின்றிருந்த அவர் மனைவி, முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஆபீசரம்மா மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். குலாப்தீன் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

“எல்லாம் என் வாயால வந்த வினை. அந்த ஒரு பொய்ய மட்டும் சொல்லாம இருந்திருந்தா, இன்னிக்கு என் பிள்ளை என்கூட வந்திருக்கும்.”

அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். அவர் கையை எடுத்து, கட்டைவிரலை மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினாள். அழுத்திய பிறகும் விரலை விடவில்லை.

“அந்தப் பொய்ய நீங்க சொல்லலைன்னா, இன்னிக்கு உங்களுக்கு இத எழுதித்தர யாருப்பா இருந்திருப்பா?” என்றாள் பல்வஷா.