ஒரே பாட்டில், ஊருக்கொரு விலை

வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, கீர்த்தனாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான் தீனதயாளன்.

“இன்னாதான் வேல பாக்குற நீ, எனக்கும் சொல்லு.”

கல்யாணமாகிச் சதுரங்கப்பட்டினத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் கணவன் இப்படிக் கேட்டதே இல்லை. மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ கணக்குப் பார்க்கிறாள் என்பதோடு அவனுக்குச் சரி. அதிலும் இந்த ஒரு மாதமாக அவனுக்குச் சாப்பாடும் குறைவு, பேச்சும் குறைவு.

கீர்த்தனாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

ஆன்லைன் கடைகளில் ஒயின் என்ன விலைக்குப் போகிறது என்று நாடு நாடாகப் பார்க்க வேண்டும். ஏன் அந்த விலை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் வேலை.

அதே திராட்சை, அதே பாட்டில். ஆனாலும் விளைந்த ஊரில் ஒரு விலை, ஜெர்மனியில் ஒரு விலை. கப்பல் கூலி, வரி, அந்த வருஷத்து மழை, ருசி பார்க்கிறவர்கள் போட்ட மார்க். எத்தனை கடைக்காரர்கள் அதை விற்கிறார்கள் என்பதும் உண்டு. போட்டி இருந்தால் விலை தானாக இறங்கும். இந்தியாவில் விற்றால் என்ன விலை ஆகும் என்றும் கம்பெனியில் இப்போது கேட்கிறார்கள். இங்கே வரியைச் சேர்த்தாலே விலை எங்கேயோ போய்விடுகிறது.

ஒயினை முகர்ந்துகூடப் பார்த்திராதவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

அவன் கொட்டாவி விடவில்லை. லேபிள்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தான். ஒரு சிவப்பு லேபிளில் அவன் விரல் நின்றது.

“அல்வாரோ. இது ஆளு பேரா?”

“தோட்டத்துக்காரரோட பாட்டன் பேரு. ஸ்பெயின்காரரு. எப்பவோ செத்துட்டாரு.”

தீனதயாளன் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், தட்டில் சோற்றை மலையாகக் குவித்து, மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

செத்தவரைப் பார்த்து என்ன சிரிப்பு என்று பின்னாலேயே வந்து கேட்டாள் கீர்த்தனா.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் சொன்னான்.

“ஒரு மாசமா தூக்கத்துல பொலம்பிகினு கீற. ‘அல்வாரோ இங்க வந்தா எவ்ளோ ஆவும், எவ்ளோ ஆவும்’னு. நான் ஃபிளைட் டிக்கெட்டுக்குக் கணக்குப் போடுறியோன்னு நெனச்சிகினு இருந்தேன்.”