மாப்பிள்ளை லேப்டாப்

வினோத்ராஜ் மூன்றாவது லேப்டாப்பையும் மல்லாக்கப் போட்டு, அதன் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"சுடுது. இதுல கோடிங் எழுதுனா ரெண்டே மாசத்துல போர்டு போயிரும்" என்றான்.

கடைக்காரர் ஜெபமணி மறுபேச்சுப் பேசாமல் அடுத்த பெட்டியைப் பிரித்தார். தேனி பஜாரில் இத்தனை வருஷம் கடை நடத்துகிறவருக்கு, எந்த நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று தெரியும்.

வினோத்ராஜுக்கும் மயிலாடும்பாறை ஈஸ்வரபாண்டியின் மகள் அபிதாவுக்கும் பூ வைத்து முடிந்திருந்தது. ஆவணியில் கல்யாணம். "நகை நட்டு, வண்டி வாகனம்னு நாங்க வாயத் திறக்க மாட்டோம். தம்பி வீட்டுல இருந்தே சாஃப்ட்வேர் வேலை பாக்குறான். சூடாகாத லேப்டாப் ஒண்ணு மட்டும் நல்லதா எடுத்துக் குடுத்துருங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா ஜோதிலட்சுமி பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பெருந்தன்மையை நிறைவேற்றத்தான் நாலு பேரும் கடைக்கு வந்திருந்தார்கள்.

"எதப் பாத்து எடுக்கணும் மாப்பிள்ள?" என்று ஈஸ்வரபாண்டி கேட்டார்.

வினோத்ராஜ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "ராம் முப்பத்திரெண்டு ஜிபி இருக்கணும் மாமா. புராசஸர் பெருசா இருந்தா மட்டும் பத்தாது, உள்ள ரெண்டு ஃபேன் வேணும். காத்தக் கீழ இழுத்துப் பின்னாடி தள்ளணும். இல்லேன்னா சூடு ஏறுனதும் மிஷினு தானா வேகத்தக் கொறச்சுக்கிரும். நம்ம வேலை அப்படியே நிக்கும்."

ஈஸ்வரபாண்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "மாப்பிள்ள சொல்றாக பாரு, கேட்டுக்கத்தா" என்று மகளிடமும் சொன்னார்.

"மெல்லிசா, தூக்க லேசா இருக்கே, அந்த மாடல்?" என்று அபிதா கேட்டாள்.

"அதெல்லாம் ஷோவுக்கு. காத்துப் போக எடமே இருக்காது. கனமா இருந்தாலும் பரவால்லன்னு எடுக்கணும்."

"சார்ஜரக் கழட்டுனா?"

"வேகம் கொறையும்தான். அதான் எடுக்குறப்பவே பவரா எடுத்துரணும்னு சொல்றேன்."

அபிதா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஜோதிலட்சுமிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "கட்டிக்கப்போறவனுக்கு என்ன வேணும்னு இப்பவே வெவரம் கேட்டுக்கிருது பாருங்க அண்ணாச்சி" என்றாள் ஜெபமணியிடம்.

நாலாவது பெட்டியிலிருந்து வந்தது கறுப்பாக, தடியாக இருந்தது. வினோத்ராஜுக்குத் திருப்தி. டெஸ்டுக்கென்றே வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த ஒரு கார் ரேஸ் கேமை அதில் ஏற்றினான்.

"சாஃப்ட்வேர் ஆளுக இப்பிடித்தான் செக் பண்ணுவோம் மாமா."

ஈஸ்வரபாண்டி பயபக்தியோடு குனிந்து பார்த்தார். வருங்கால மருமகன் ஒரு பாலத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்து, மறுபடியும் எழுந்து ஓட்டினார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ஜோதிலட்சுமி அபிதாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "ஆத்தா, அந்த மதுரைக் கம்பெனிக்கு இந்த மாசத்தோட வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துரு. நீயும் ஒரு ஓட்டப் பெட்டிய வச்சுக்கிட்டுப் பொழுதன்னைக்கும் தட்டிக்கிட்டு இருக்கியாம்ல. கல்யாணம் ஆனா வீட்டப் பாக்க ஆளு வேணும்ல."

அபிதா வினோத்ராஜைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கார் ஒரு வளைவில் இருந்தது.

"அம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஒரு வீட்டுக்கு ரெண்டு லேப்டாப் எதுக்கு?"

ஈஸ்வரபாண்டி நிமிர்ந்தார். வீட்டுக்குள் டவர் கிடைக்காத நாளெல்லாம் மொட்டைமாடி வெயிலில் குடையைக் கட்டிக்கொண்டு மகள் வேலை பார்த்ததைப் பார்த்தவர் அவர். என்னமோ சொல்ல வந்தார். சம்பந்தியம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த மஞ்சப்பையை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டார்.

அபிதா கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க. நானும் ஒண்ண ஓட்டிப் பாக்குறேன்" என்று கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினாள். அவள் எழுதிய புராஜெக்ட் ஒன்று அதில் இருந்தது. ஃபேன் உஸ்ஸென்று இரைந்தது. அவள் எதிர்பார்த்ததற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. விசைகளின் மேல் விரல்களைப் பரப்பி ஒரு தரம் தட்டிப் பார்த்தாள். அப்புறம் அடியில் கை வைத்தாள்.

"ஜில்லுன்னு இருக்கு."

"நாந்தான் சொன்னேன்ல" என்றான் வினோத்ராஜ்.

"பில்லு யாரு பேர்ல போடட்டும்?" என்று ஜெபமணி கேட்டார்.

"அபிதான்னு போடுங்க."

வினோத்ராஜ் புருவத்தைத் தூக்கினான். ஜோதிலட்சுமி சிரித்தாள். "இருக்கட்டும்டா. யாரு பேர்ல போட்டா என்ன, ஒரே வீட்டுக்குத்தான வருது."

ஈஸ்வரபாண்டி மஞ்சப்பையைப் பிரிக்கப்போனார். அபிதா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தன் ஃபோனை நீட்டி ஸ்கேன் செய்தாள்.

"இது என் சம்பளத்துல இருக்கட்டும்ப்பா. நீங்க அந்தக் காசுல, எரிஞ்சுபோன தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்டுங்க. தென்னை காயுது."

ஜோதிலட்சுமி பூரித்துப்போனாள். "பாத்தீகளா சம்மந்தி, இப்பவே புருசனுக்குன்னு எப்பிடிச் செலவழிக்கிறா. எங்களுக்குக் குடுத்து வச்சிருக்கணும்."

வினோத்ராஜ் எழுந்து லேப்டாப் பையைத் தூக்கக் கை நீட்டினான். அதற்குள் அபிதா அதை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"லேப்டாப் பிடிச்சிருக்குப்பா" என்றாள். "மாப்பிள்ளதான் பிடிக்கல."