இடத்துக்கு என்ன விலை?

"அண்ணே, உங்க இடத்த எனக்குத் தாங்க. ஐயாயிரம் ரூபா தர்றேன்!"

ஓட்டோவின் கதவோரம் அப்போதுதான் வந்து நின்ற கறுப்பையா திடுக்கிட்டுத் திரும்பினார். கேட்டவர் ஜனகன், பல்கலைக்கழகத்தில் பொருளியல் விரிவுரையாளர். பார்த்தால் அப்படித் தெரியாது. முகத்தில் மூன்று நாள் தாடி, சட்டையில் மூன்று நாள் கசங்கல், கண்ணில் முப்பது வருடத் தூக்கம்.

நாடே பெட்ரோலுக்கு அலைந்த வருடம் அது. கண்டிக்கு மேலே, மலைப்பாதையில், சனிக்கிழமை முதல் ஜனகன் வரிசையில் நிற்கிறார். வரிசையின் வால் கீழே கம்பளை டவுனில் கிடக்கிறது என்று பேச்சு. பெட்ரோல் ஊற்றும் ஷெட் வளைவுக்கு அப்பால். பஸ் திரும்புவதற்காக வளைவுகளில் இடைவெளி விடுவது அப்போதைய மரியாதை. அந்த இடைவெளிக்கு இப்பால் இந்த ஓட்டோ, அடுத்தது ஜனகனின் கார், அதற்கடுத்து மிளகு வியாபாரி ஷிராஸின் வேன். வண்டியை வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்து, கலியாணம் கூட முடித்து வந்தவர்கள் உண்டு. ஆகவே ஓட்டோவில் மூன்று நாளாக ஆளில்லாததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வரிசையைத் தாண்டி ஓட்டப் பார்த்தவனுக்கு மட்டும் தர்ம அடி.

ஜனகனுக்குத்தான் இனித் தாங்காது. கலஹாவில், தாய் வீட்டில், மனைவி யசோதினிக்கு மாதம் நிறைந்துவிட்டது. டொக்டர் சொன்ன தேதி நாளைக்கு. கலஹாப் பக்கம் பஸ் ஓடவில்லை, வாடகைக்கும் வண்டி இல்லை. போன வாரம் இவருக்கு முன்னால் நின்றவனோடு பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. ஒரே ஒரு இடம்!

"இந்த இடத்தயா சார்?" கறுப்பையா தன் காலடியைப் பார்த்தார். "இது ரோடுல்ல?"

"முதல்ல வந்தவங்களுக்குத்தான் இடம். நீங்க எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க."

"வந்தது வாஸ்தவந்தான் சார், ஆனா நான்..."

"பொறுங்க. எனக்கு அவசரம், உங்களுக்கு அவ்வளவு அவசரமில்ல. நீங்க காசோட போவீங்க, நான் இடத்தோட போவேன். ரெண்டு பேருக்குமே லாபம். பதினாலு வருசமா இதத்தான் நான் படிப்பிக்கிறேன்."

"காசெல்லாம் எதுக்கு சார்? ஓட்டோவ ஓரமாத் தள்ள ஒரு கை குடுங்க, போதும்."

ஜனகனுக்கு வியர்த்துவிட்டது. வருகிற காசை வேண்டாம் என்கிற மனிதன் அவருடைய பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்திலும் இல்லை. இவன் பேரம் பேசுகிறான். அப்படியென்றால் இடத்தின் மதிப்பு இன்னும் மேலே!

"பத்தாயிரம்!"

வேனிலிருந்து ஷிராஸின் தலை நீண்டது. "என்ன சேர், நீங்க மட்டும் தனியாப் பேசிக்கிட்டு ஈக்கிறீங்க? அண்ணன், நான் பன்னெண்டு தாறன்!"

"பதினஞ்சு!" என்றார் ஜனகன்.

"பதினாறு!"

ஏலம் வண்டிக்கு வண்டி தாவிப் பின்னால் ஓடியது. கால் மணி நேரத்தில் கம்பளைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து யாரோ ஒருவர் 'இருபது' என்று ஆளனுப்பினாராம்.

ஜனகனின் போன் அடித்தது. யசோதினி.

"எங்க இருக்கீங்க?"

"முன்னுக்கு வந்துட்டேன் யசோ. வலி எடுத்துருச்சா?"

"இடுப்பு லேசா இழுக்குது. உங்க பாடத்தக் கேட்டு முடிச்சிட்டுத்தான் புள்ள பொறக்குமா? நடந்தாவது வந்து சேருங்க!"

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கையிலிருந்த நோட்டுகளை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

ஷிராஸ் இறங்கி வந்து காதோரம் சொன்னார். "சேர், காசு குடுக்க முந்தி வளைவுக்கு அங்கால ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வருவமா?"

"என்னத்தப் பாக்கிறது? இத்தனை பேரு சோறு தண்ணி இல்லாம நிக்கிறாங்க. இருபதாயிரம் வரைக்கும் கேக்கிறாங்க. சும்மாவா? ஒரு ஆளு முட்டாளா இருக்கலாம் ஷிராஸ், சந்தையே முட்டாளா இருக்காது. விலை பொய் சொல்லாது."

ஷிராஸுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"இருபத்தஞ்சு!" ஜனகனின் குரல் உடைந்தது. "அண்ணே, கையில உள்ளது அவ்வளவுதான். எம் பொஞ்சாதிக்கு நாளைக்குப் பிரசவம்..."

கூட்டத்தைப் பார்த்து ஏற்கெனவே மிரண்டு போயிருந்த கறுப்பையாவுக்கு இப்போது மனம் இளகிவிட்டது. "ஐயோ, அழாதீங்க சார். சும்மாவே எடுத்துக்கங்க."

பிரேக்கை விடுவித்து, ஓட்டோவை ஓரத்துக்குத் தள்ளினார். ஜனகன் பாய்ந்து தன் காரைத் தள்ளி அந்த இடத்தில் நிறுத்தினார். பின்னால் முந்நூறு வண்டிகள் ஓரடி முன்னேறிய ஆனந்தத்தில் ஹோர்ன் அடித்தன. நோட்டுக் கட்டைக் கறுப்பையாவின் சட்டைப் பைக்குள் திணிக்கப் போனார் ஜனகன். அவர் பிடிவாதமாகத் தள்ளிவிட்டார்.

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். மூணு நாளா வரிசையில புடிச்சு வச்ச இடத்த இப்புடிச் சும்மா குடுத்துட்டீங்களே!"

"நான் எங்க சார் வரிசையில நின்னேன்?" என்றார் கறுப்பையா. "சனிக்கிழம கியர் கேபிள் அறுந்து வண்டி நின்னுருச்சு, கேபிள் தேடி அலைஞ்சுட்டு இப்பத்தான் வர்றேன். அங்கிட்டு ஷெட்டுல முந்தாநாளே பெட்ரோல் வந்து, வாங்க ஒரு ஆளில்லாம உக்காந்து கேரம் ஆடுறாங்க. நீங்கல்லாம் எதுக்கு என் ஓட்டோவுக்குப் பின்னால நிக்கிறீங்க?"