காசு வாங்காத வக்கீல்

"என் துப்பாக்கிய வித்துட்டியா?"

"மெதுவாப் பேசு. இது கோர்ட்."

"என்னைக் கேக்காம எப்படி விப்பே? நாப்பது வருஷமா மான் வேட்டைக்கு..."

"நாப்பது வருஷத்துல ரெண்டே மான். வீடு போனப்புறம் துப்பாக்கிய எங்கே மாட்டுவே, மரத்துலயா?"

அமெரிக்காவில், யங்ஸ்டவுன் நீதிமன்றத்தின் இரண்டாம் மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெர்னா ஹுடாக் கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். துப்பாக்கி விற்ற பணம் அதற்குள்தான் இருந்தது.

வீட்டுக் கடன் தவணை நின்றுபோனதால் வங்கி வழக்குப் போட்டுவிட்டது. பத்தரை மணிக்கு விசாரணை. முன்பணம் கொடுத்தால் வந்து வாய்தா வாங்கித் தருகிறேன், வீட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று எதிர்த்தெருப் பெண் வக்கீல் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

"காசு கொடுத்து வக்கீல் வைக்கிறவன் முட்டாள்," என்றார் அவள் புருஷன் எமில். "டி.வி.ல போலீஸ்காரன் விலங்கு மாட்டறப்ப என்ன சொல்றான்? வக்கீல் வைக்க வசதியில்லேன்னா கோர்ட்டே ஒருத்தரைத் தரும்னு சொல்றானா இல்லியா?"

"அது திருடனுக்கு."

"திருடனுக்கே தர்றாங்க, நமக்குத் தரமாட்டாங்களா?"

வெர்னா எழுந்துவிட்டாள். "நான் எதிர்த்தெருவுக்குப் போறேன். நீ இங்கேயே உக்காந்து அந்த டி.வி. வக்கீலை எதிர்பாரு."

அப்போதுதான் நரைத்த தலையும் சாம்பல் நிறக் கோட்டுமாக ஒருவர் கோப்பைப் புரட்டியபடி வந்தார். "ஹுடாக் தம்பதி நீங்கதானே?"

எமில் மனைவியைப் பார்த்த பார்வையில், கல்யாணமான நாளிலிருந்து தோற்ற சண்டை அத்தனைக்கும் சேர்த்து ஜெயித்த களை இருந்தது.

வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "செப்டம்பர்லேர்ந்து தவணை கட்டல. சரிங்களா ஐயா?"

"சரிதான். ஃபேக்டரிய மூடிட்டாங்க." எமில் மனைவியின் காதைக் கடித்தார். "பாத்தியா? எல்லாத்தையும் படிச்சிட்டு வந்திருக்கார்."

"வக்கீல் யாராவது வெச்சிருக்கீங்களா?"

"காசு கொடுத்து யாரையும் வைக்கல," என்று எமில் கண்ணடித்தார். அவர் பதிலுக்குக் கண்ணடிக்கவில்லை. காகிதத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டுக்கொண்டார்.

வெர்னாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "உங்க ஃபீஸ் எவ்வளவுங்க?"

"உங்ககிட்ட நான் ஒரு காசும் வாங்கக் கூடாதும்மா."

அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. எதிர்த்தெரு வக்கீலுக்கென்று சுட்டுக்கொண்டு வந்த வால்நட் ரொட்டியை எடுத்து நீட்டினாள்.

"இதுவும் கூடாதும்மா."

"தங்கமான மனுஷன்," என்றார் எமில்.

"வழக்காடினா ஒரு வருஷம் இழுக்கும்," என்றார் தங்கமான மனுஷன். "இதுல கையெழுத்துப் போட்டா இன்னிக்கே முடிஞ்சிடும். ஜூலை வரைக்கும் உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதையும் இதுலயே எழுதியிருக்கேன்."

"ஜூலைக்கு அப்புறம்?" என்றாள் வெர்னா.

"அதுக்குள்ள எனக்கு வேலை கிடைச்சிடும்," என்று எமில் முந்திக்கொண்டார். "போடு, போடு."

"படிச்சுப் பாக்கணும். கண்ணாடி கார்ல இருக்கு."

"அவரே படிச்சிட்டுத்தானே சொல்றார்?"

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் நன்றி சொல்லி, உள்ளே பார்க்கலாம் என்று போய்விட்டார்.

"முதல்ல போய் என் துப்பாக்கியத் திருப்பி வாங்கிட்டு வா," என்றார் எமில். வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செப்டம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ரொட்டியை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுத் தின்றார்கள்.

பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மாள் கோப்பைத் திறந்தாள். "ஹுடாக் வழக்கு. வங்கி சார்பா யாரு ஆஜராகறீங்க?"

முன்வரிசையில் அந்த நரைத்த தலை எழுந்தது.

"நான்தான், யுவர் ஆனர். வீட்டை ஏலம் விட அவங்க சம்மதிச்சுக் கையெழுத்தும் போட்டாச்சு."