ஒரு எழுத்து மாறாது

படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ‘பெயர்’ என்ற ஒரு கட்டம்தான் காலி.

காலையிலேயே அதை முதலாளியின் முன்னால் வைத்திருந்தாள் மனைவி. “இன்னைக்குத்தாங்க கடைசி நாள். பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைங்க, அஞ்சு மணிக்குள்ள நான் போய்க் கொடுத்துடறேன்.” மற்றதை எல்லாம் அவளே எழுதிவிட்டாள். படிவம் படிப்பது குமாஸ்தா வேலை, கையெழுத்துப் போடுவதுதான் முதலாளி வேலை என்பது அவருடைய கொள்கை.

முதலாளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன்பு வரை ஃபிரிட்ஜ் விற்கிற கடையில் மேற்பார்வை பார்த்தவர்தான். ஒருநாள் மேலதிகாரியிடம் முறைத்துக்கொண்டு வேலையை விட்டார். கணக்குத் தீர்த்துக் கைக்கு வந்த மொத்தப் பணத்தையும் பால்புட்டி, குளியல் தொட்டி, பிள்ளையைச் சுமக்கும் பை என்று குழந்தைச் சாமான்களில் இறக்கிவிட்டார். இப்போது படுக்கையறை முழுக்க அட்டைப்பெட்டி. பேர் இல்லாத சரக்கைத் தொடமாட்டோம் என்று கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டதால் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டவில்லை.

எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் மகள் மேல்தான் மாட்டிப் பார்ப்பார். தொப்பி இறுக்குகிறதா, பை வார் தாங்குகிறதா, எல்லாவற்றுக்கும் அவள்தான். அதனால் வீட்டில் அவளுக்கு ‘சாம்பிள்’ என்றே ஆகிவிட்டது. கூப்பிட்டால் சாம்பிளும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

ஒரு மிருகத்தின் பேராக இருக்கவேண்டும் என்பது மட்டும் முடிவாகியிருந்தது. அச்சகத்தில் படம் வரைகிற மைத்துனன் லீவு போட்டுவிட்டு வந்து, காலையிலிருந்து வரைந்து வரைந்து நீட்டினான். முதலாளி ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து ஓரம் தள்ளினார்.

முயலா? சோப்பிலிருந்து தீப்பெட்டி வரை அதுதான் உட்கார்ந்திருக்கிறது. யானைக்குட்டியா? உடம்பு இளைக்க மருந்து விற்கிற இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். பூனை தன் குட்டியைக் கழுத்தைக் கவ்வித் தூக்கும். அந்தப் படத்தைப் போட்டுவிட்டுப் பிள்ளை சுமக்கிற பையை எவனிடம் விற்பது?

கங்காருவைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “பெருச்சாளி காய்கறி வாங்கக் கிளம்பின மாதிரி இருக்குடா. இதுக்கா அச்சகத்துல உனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க?”

மைத்துனன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். அவனுக்கு முகம் சுண்டிப்போனது.

சாம்பிளை இடுப்பில் வைத்துக்கொண்டு தேநீர் கொண்டுவந்தாள் மனைவி. மேசையில் விலைப்பட்டியலும் ரசீதும் கிறுக்கிய தாளும் ஒரே குவியல். கோப்பையை வைக்க இடமில்லாமல் ஏதோ ஒரு காகிதத்தின் மேலேயே வைத்தார் முதலாளி.

“ஒரு வருஷம் ஆகப்போகுது, இன்னுமா ஒரு பேர் கிடைக்கல?” என்றாள்.

ஆறு மாதத்தை ஒரு வருடம் என்கிறவளிடம் என்னத்தைப் பேசுவது? உங்கக்காவுக்குக் கணக்கு எப்பவுமே இப்படித்தான் என்று மைத்துனனிடம் சொல்லி உதட்டைப் பிதுக்கினார்.

அவள் விடவில்லை. “குயில்னு வைக்கலாமே. கூப்பிட வாய்க்கு இதமா இருக்கு.”

“கூப்பிட்டுக் கொஞ்சறதுக்கா பேர் வைக்கிறோம்? பார்த்தவன் மனசுல நிக்கணும். குயில் என்ன பண்ணும் தெரியுமா? முட்டையை இன்னொண்ணோட கூட்டுல போட்டுட்டுப் போயிடும். பெத்த பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஜென்மம். அதோட பேரையா வைப்பாங்க?”

மனைவி அவரையும் இடுப்பிலிருந்த சாம்பிளையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மூன்றரை மணிக்கு முதலாளிக்கே பொறி தட்டியது. நீர்யானைக்குட்டி. ஆ என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பால்புட்டிக்கும் பொருத்தம், தொட்டியில் கிடக்கும் என்பதால் தொட்டிக்கும் பொருத்தம். இத்தனை பேர் கூடியும் கடைசியில் அவர் மூளைதான் வேலை செய்யவேண்டியிருந்தது என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

“மாமா, இன்னொரு தடவை யோசிங்க. காலத்துக்கும் இருக்கப்போற பேரு. கேக்கறவங்க சிரிப்பாங்க” என்றான் மைத்துனன்.

“சிரிக்கட்டும். நான் எழுதினா எழுதினதுதான். ஒரு எழுத்து மாறாது.”

பேனாவை அழுத்திப் பிடித்துக் கட்டம் நிறைய எழுதினார். கையெழுத்துப் போட்டு அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

நாலரைக்கு மனைவி வெளியே போகிற புடவையில் வந்தாள். சாம்பிளின் தலையில் புதுத் தொப்பி. படிவத்தை எடுத்து ஒருமுறை படித்தாள், இன்னொரு முறையும் படித்தாள். கத்துவாள் என்று மைத்துனன் நினைத்தான். அவள் கத்தவில்லை. தேநீர்க் கோப்பையை நகர்த்தி, அதன் அடியில் வட்டக் கறையோடு கிடந்த காகிதத்தை உருவி முதலாளியின் முன்னால் போட்டாள்.

“கம்பெனி ஃபாரம் இது. அடுத்த வாரம் கொடுத்தாப் போதும்.”

அதில் ஒரு கட்டம்கூட நிரம்பியிருக்கவில்லை. முதலாளி அதையும் அவள் கையிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ நான் எதுல எழுதினேன்?”

மனைவி சாம்பிளை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“நம்ம பொண்ணோட பிறப்புப் பதிவுல.”