தொண்டைப் பொட்டு

இந்த ஆண்டு முதல் கபடியில் ரைடு போகிறவளின் தொண்டையில் பொட்டு அளவுக்கு ஒரு கருவியை ஒட்டுகிறார்கள். மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று பாடும்வரை பச்சையாக எரியும். பாட்டு நின்றால் சிவப்பாகும். நடுவரின் காதுக்கு இனி வேலையில்லை, பொட்டு சொல்வதே தீர்ப்பு. கடைசி ரைடில் செங்கமலம் மாட்டிக்கொண்டாள். நான்கு பேர் அவளை அமுக்கினார்கள். அவள் உதடுகள் மூடிவிட்டதை நடுவர் பார்த்தார். பொட்டு மட்டும் பச்சையாகவே எரிந்தது.

“மெஷின் கெட்டுப்போச்சா சார்?” என்றாள் எதிரணி கேப்டன்.

நடுவர் மண்டியிட்டுக் காது கொடுத்தார். பாட்டு கேட்டது. செங்கமலத்தின் தோளை இறுக்கி, அவள் கழுத்தில் முகம் புதைத்திருந்த எதிரணி மார்த்தா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். போன வருஷம்வரை இருவரும் ஒரே அணி. ஒருத்தி ரைடு ஏறிப் போனால் மற்றவள் வெளியே நின்று கூடவே பாடுவாள்.

“அடியே மார்த்தா, நீ யாரு பக்கம்டி?” என்று கேப்டன் கத்தினாள்.

மார்த்தாவின் பிடி தளரவில்லை. பாட்டும் நிற்கவில்லை. செங்கமலத்தின் விரலுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. இந்த மூச்சு எதுவரை போகும் என்று பார்க்க அவருக்கும் ஆசையாக இருந்தது.